மைக்செட் கடையில் வாங்கிய ரஷ்ய ரெக்கார்டுப் பெட்டி

முதலில் கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடை விமர்சனமாகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன், நடுவில் எங்கெங்கோ போய்விட்டது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து சித்தூர் போகிற சாலையில், தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய பலகையில் இரண்டு பாஷையிலும் பாதி எழுத்து உதிர்ந்துபோய் நிற்கிற ஒரு பழைய மைக்செட் கடை. பெயர் சொல்லப்போவதில்லை, கீழே ஒரு குறையும் சொல்லவேண்டியிருக்கிறது, பெரியவர் மனசு சங்கடப்படும். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு வாசலில் கவிழ்த்து வைத்திருக்கும் நான்கு குழாய் ஸ்பீக்கர்களே அடையாளம்.

வாடகைத் தொழில் படுத்துவிட்டது. கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் பையன்கள் பெரிய பெரிய பாக்ஸ் ஸ்பீக்கரோடு வந்துவிடுகிறார்கள், இவரிடம் மிஞ்சியது கோயில் நோன்பும் கார்த்திகை மாத ஐயப்பன் பஜனையும்தான். அதனால் பரணில் கிடந்த ரெக்கார்டுகளை இறக்கித் தூசி தட்டி விற்க ஆரம்பித்திருக்கிறார். சீர்காழி, டி.எம்.எஸ்., யேசுதாஸ், சுசீலா, கதை வசன ரெக்கார்டுகள், உறை இல்லாத மலையாள நாடகப் பாட்டுகள். விலை நியாயம். கோயம்புத்தூரில் எண்ணூறு சொல்கிற தட்டை இங்கே இருநூற்றைம்பதுக்குத் தருகிறார். அதைவிடப் பெரிய விஷயம், போட்டுக் காட்டாமல் விற்கமாட்டார். கடையிலேயே பெல்ட் மாற்றிய ஒரு பழைய பிளேயர் இருக்கிறது, இரண்டு பக்கமும் ஊசி வைத்துக் கேட்டபிறகுதான் காசு. கீறல் இருந்தால் அவரே சொல்லிவிடுவார். நெட்டில் வாங்கி மூன்று தடவை ஏமாந்தவன் என்ற முறையில் இதற்காகவே கடைக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்த ஒன்று எங்கே போனது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

போன மாதம் போனபோது அடியில் ஒரு கனமான அட்டைப் பெட்டி கண்ணில் பட்டது. எழுத்து தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை, இங்கிலீஷும் இல்லை.

"இது என்ன பாஷைங்க பெரியவரே?"

"ரஷ்யாக்காரனுதுங்க தம்பி. சித்தூர்ப் பக்கம் ஒரு மாஷ் வீட்டுல பழைய சாமான் எடுக்கையில வந்துச்சு. ஒரு பொம்பளை கத்திக்கிட்டே இருக்கா, கூடவே பேண்டு செட்டு. கல்யாணத்துக்கெல்லாம் ஆகாதுங்க."

மாஷ் என்றால் இந்தப் பக்கத்தில் வாத்தியார். அந்தக் காலத்து வாத்தியார் வீட்டில் ரஷ்யச் சரக்கு இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பிரபாத் புத்தக நிலையம் வழியாகவும், அந்தப் பக்கம் நியூ செஞ்சுரி வழியாகவும் வந்த மாஸ்கோப் புத்தகங்கள் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் எத்தனை வீடுகளில் இருந்தன, என் தாத்தா வீட்டிலேயே வழவழப்பான தாளில் ரஷ்யக் கரடிக் கதைகள் இருந்தன. ரெக்கார்டும் அப்படி வந்திருக்கும். செல்போன் கேமராவைக் காட்டி எழுத்தைப் படிக்கவைத்தேன். நிறுவனம் மெலோதியா, சோவியத் அரசின் ரெக்கார்டு கம்பெனி. இசை ஷோஸ்டகோவிச். தலைப்பு 'கத்தெரீனா இஸ்மாயிலொவா'. 900 சொன்னார், 750க்கு முடிந்தது, ஒரு பழைய பனியன் துணியும் இனாம்.

பெட்டியின் நிலைமை. அட்டை மூலையில் கரையான் தொட்டிருக்கிறது, உள்ளே பாட்டுப் புத்தகம் இல்லை, ஆனால் தட்டுகள் நல்ல கனம், வளைசல் இல்லை. முதல் பக்கத்தில் கொஞ்சம் பொரிகிறது, எண்ணெய் காய்வதற்குள் கடுகைப் போட்ட மாதிரி, அப்புறம் தெளிந்துவிடுகிறது. பின்னணி வாத்தியம் சற்று தள்ளி நிற்கிறது, குரல் முன்னால் வந்து முகத்துக்கு நேராகப் பாடுகிறது. வேலந்தாவளத்தில் என் வீட்டில் இரவு ஒன்பது மணிக்குமேல் கணவாய்க் காற்று ஜன்னலை அடிக்கிற சத்தத்தோடு கேட்க அது போதும். பெட்டிக்கு ஐந்துக்கு இரண்டரை. ஏன் பாதி போனது என்பது கடைசியில்தான் தெரிந்தது. தெரிந்தது என்ன, கடைசித் தட்டே இல்லை!

பெட்டியில் இருப்பது ஒரு ஆபெரா, அதாவது முழுக்கப் பாட்டாகவே நடக்கிற நாடகம். அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்தையோ கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தையோ நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒற்றை ஹார்மோனியத்துக்குப் பதிலாக எழுபது எண்பது வாத்தியக்காரர்கள் பள்ளத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இந்தக் கதை ரஷ்ய எழுத்தாளர் லெஸ்கோவ் 1865இல் எழுதிய குறுநாவலிலிருந்து வந்தது. பணக்கார வியாபாரி வீட்டு மருமகள் கத்தெரீனா, பிள்ளை இல்லை, பொழுது போகவில்லை, புருஷன் ஒன்றுக்கும் ஆகாதவன், மாமனார் ராத்திரி முழுக்க வீட்டைச் சுற்றிக் காவல். வேலைக்கு வந்த செர்கேயுடன் தொடுப்பு உண்டாகிறது. மாமனார் பிடித்துவிடுகிறார், அவருக்குக் காளான் கறியில் எலிமருந்து. புருஷன் திரும்பி வருகிறான், அவனையும் முடித்து நிலவறையில் புதைக்கிறார்கள். அவளுக்கும் செர்கேய்க்கும் கல்யாணம் நடக்கிற நாளில் குடிகாரன் ஒருவன் சாராயம் தேடி நிலவறையைத் திறந்து பிணத்தைப் பார்த்துவிட்டுப் போலீசுக்கு ஓடுகிறான். போலீசாருக்கோ கல்யாணத்துக்கு அழைப்பு வரவில்லையே என்று ஏற்கெனவே வயிற்றெரிச்சல், மாமூல் வரும்படி பற்றி அவர்கள் கூட்டாகப் பாடுகிற பாட்டு ஒன்று இருக்கிறது, நான் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். அப்புறம் சைபீரியாவுக்குக் கைதிகளின் நடை.

இனி பெட்டியில் எங்கும் அச்சடிக்காத விஷயம். இந்த ஆபெராவின் முதல் பெயர் கத்தெரீனா இஸ்மாயிலொவா மட்டும் இல்லை, ம்ட்சென்ஸ்க் மாவட்டத்து லேடி மேக்பெத். 1932 டிசம்பரில் எழுதி முடித்தபோது ஷோஸ்டகோவிச்சுக்கு வயது 26. 1934 ஜனவரியில் லெனின்கிராடில் முதல் மேடை, இரண்டு நாளில் மாஸ்கோவிலும். கூட்டம் அள்ளியது, இரண்டு வருடத்தில் இரண்டு ஊரிலும் சேர்த்து நூற்றைம்பது தடவைக்குமேல் நடந்தது, 1935இல் அமெரிக்காவில் கிளீவ்லாந்து, நியூயார்க் வரை போய்விட்டது. பத்திரிகைகள் சோஷலிசக் கலையின் வெற்றி என்றே எழுதின. அந்த இரண்டு வருடமும் எந்தத் தணிக்கையாளரும் வாயைத் திறக்கவில்லை, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1936 ஜனவரி 26. மாஸ்கோவின் பல்ஷோய் அரங்குக்கு ஸ்டாலின் வந்தார், கூட கட்சித் தலைவர்கள் மலோதவும் ஜ்தானோவும். பித்தளை வாத்தியங்களுக்கு நேர் மேலே அவர்களுடைய மாடம். முடிவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார்கள். இரண்டு நாள் கழித்து, கச்சேரி வாசிக்க ஆர்க்காங்கெல்ஸ்க் போயிருந்த ஷோஸ்டகோவிச் அங்கே ரயில் நிலையத்தில் கட்சிப் பத்திரிகையான பிராவ்தாவை வாங்கிப் பிரிக்கிறார். மூன்றாம் பக்கத்தில் கட்டுரை, இசைக்குப் பதிலாகக் குழப்பம் என்று தலைப்பு, கீழே கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லை என்றால் அது ஒரு ஆளின் கருத்து இல்லை, கட்சியின் கருத்து. இந்த விளையாட்டு மிக மோசமாக முடியலாம் என்று ஒரு வரியும் அதில் இருந்தது. பத்தே நாளில் அவருடைய பாலே ஒன்றின்மேல் இரண்டாவது கட்டுரை. அந்த பாலேவுக்குக் கதை எழுதியவர்களில் ஒருவரான பியோத்ரோவ்ஸ்கியை 1937இல் சுட்டுக் கொன்றார்கள். ஷோஸ்டகோவிச்சுக்கு ஆதரவாக இருந்த மார்ஷல் துகச்செவ்ஸ்கியையும் அதே வருடம். ஆபெரா மேடையிலிருந்து இறங்கியது, அப்போது எழுதிக்கொண்டிருந்த நான்காம் சிம்பொனியை ஒத்திகை பார்த்துவிட்டு அவரே பின்வாங்கிக்கொண்டார், அது 1961 வரை அலமாரியில் கிடந்தது.

ரஷ்யப் பெண்களைப் பற்றி இன்னும் சில ஆபெராக்கள் எழுதுவதாகத் திட்டம் வைத்திருந்தவர் அவர். லேடி மேக்பெத் முதலாவது. இரண்டாவது வரவே இல்லை. 1975 வரை உயிரோடு இருந்தார், பதினைந்து சிம்பொனி எழுதினார், பதினைந்து நால்வர் இசை எழுதினார், ஆபரெட்டா என்கிற லேசான வேடிக்கை ஆபெரா ஒன்று எழுதினார், ஆனால் இன்னொரு முழு ஆபெரா எழுதி முடிக்கவில்லை. கோகோலின் நாடகம் ஒன்றைத் தொட்டுப் பாதியில் விட்டார். இருபத்தாறு வயதில் இப்படி ஒன்றை எழுதியவன் முப்பதில், நாற்பதில் என்ன எழுதியிருப்பான் என்று யோசித்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஸ்டாலின் 1953இல் செத்தார். ஷோஸ்டகோவிச் பழைய பிரதியை எடுத்துத் திருத்தினார். 1956இல் கலாசார அமைச்சகத்திலிருந்து ஒரு குழு அவர் வீட்டுக்கே வந்தது, அவரே பியானோவில் வாசித்துக் காட்டினார், உட்கார்ந்து கேட்டுவிட்டு வேண்டாம் என்றார்கள். பிராவ்தா கட்டுரை இன்னும் ரத்தாகவில்லையே, அதுதான் காரணம். எழுதவைத்த ஆள் செத்து மூன்று வருடம், கட்டுரை மட்டும் வேலையில் இருக்கிறது. கடைசியில் 1962 டிசம்பர் கடைசியில் மாஸ்கோவில் திருத்திய பிரதி மேடையேறியது, கத்தெரீனா இஸ்மாயிலொவா என்ற பெயரில். மெலோதியா பெட்டியில் இருப்பது இதுதான். ஆக நான் 750 ரூபாய்க்கு வாங்கியது திட்டு வாங்கிய பிள்ளையின் இரண்டாம் தடவை எழுதிய பரீட்சைத்தாள்.

சரி, என்னதான் மாற்றினார்? இதைக் கேட்காமல் விமர்சனம் எழுதக்கூடாது என்று முதல் பிரதியையும் தேடினேன். அது ரெக்கார்டாக வந்தது 1978இல் லண்டனில், ராஸ்ட்ரபோவிச் இசைக்குழுவை நடத்த அவர் மனைவி கலீனா விஷ்னேவ்ஸ்கயா பாடினார். அந்த இருவரும் 1974இல் நாட்டைவிட்டுப் போனவர்கள், சோவியத் அரசு அவர்களுடைய குடியுரிமையைப் பறித்ததும் அதே 1978இல்தான். வேடிக்கை என்னவென்றால் 1966இல் சோவியத் நாட்டிலேயே திருத்திய பிரதியைப் படமாக எடுத்தார்களே, அதில் கத்தெரீனாவாக நடித்துப் பாடியதும் இதே விஷ்னேவ்ஸ்கயா. ஒரே தொண்டை, இரண்டு பிரதி. ஹெட்போன் மாட்டி ஒன்று மாற்றி ஒன்று கேட்டால் விடிந்துவிடும், எனக்கு விடிந்தது.

கத்தெரீனா படுக்கப்போகுமுன் தனியாகப் பாடுகிற பாட்டு ஒன்று உண்டு. முதல் பிரதியில், குதிரைக்குட்டி பெட்டைக் குதிரையிடம் ஓடுகிறது, பூனை பூனையிடம் போகிறது, என்னிடம் மட்டும் யாரும் வருவதில்லை என்று போகும். திருத்தியதில் குதிரை இல்லை, பூனை இல்லை. கூரைக்கு அடியில் ஒரு சின்னக் கூடு, பறவைகள் கூட்டுக்கு வருகின்றன, எனக்குக் கூடு இல்லை. மெட்டு அதேதான்! அழகாகவும் இருக்கிறது, அதுதான் கோபம். நம் அகப்பாட்டுக்காரர்கள் மானையும் யானையையும் காட்டி இதே ஏக்கத்தைக் கூச்சமில்லாமல் சொல்லிவிட்டுப் போனார்கள், குறுந்தொகையை யாராவது உட்கார்ந்து திருத்தி எல்லா யானையையும் புறாவாக மாற்றினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது.

அடுத்தது படுக்கையறைக் காட்சி. முதல் பிரதியில் அங்கே டிராம்போன்கள் சறுக்கிச் சறுக்கி இறங்கும், நம் ஊர்க் கல்யாண பேண்டில் குறும்புக்கார ஆள் ஒருவன் பெரியவர்கள் இல்லாத நேரம் பார்த்து வாசிப்பானே அந்த மாதிரி, என்ன நடக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. திருத்தியதில் அது அடங்கிவிட்டது. இரண்டு காட்சிகளுக்கு நடுவில் வாசிக்கிற இடையிசை சிலவற்றையும் புதிதாக எழுதியிருக்கிறார். ஆனால் மாமூல் போலீஸ் அப்படியே நிற்கிறது, சைபீரியா நடையும் நிற்கிறது. ஸ்டாலின் காலத்துக் கைதி முகாம்களிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் வீடு திரும்பியிருந்த காலத்தில் அந்த நடையை மேடையில் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! கட்டிலைத்தான் மூடினார், கைதிகளை மூடவில்லை. அதனால் இதை வெறும் பயந்தாங்கொள்ளிப் பிரதி என்று தள்ளிவிடவும் எனக்கு மனசு வரவில்லை. திருத்திய பிரதியையே மேடையேற்ற வேண்டும் என்று அவரே சொல்லிவந்தார். அது ஐம்பத்தாறு வயதின் ரசனையா இருபத்தொன்பது வயதில் ரயில் நிலையத்தில் பிடித்த பயமா என்று பிரித்துப் பார்க்க அந்த மனிதராலேயே முடிந்திருக்காது என்பது என் எண்ணம். பழைய காயத்துக்குமேல் வளர்ந்த தோல் எது, சொந்தத் தோல் எது.

பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரே வரியில் தள்ளிவிட்டார். "நம்ம நாடகக்காரனுக இதுக்கெல்லாம் பயந்தானுகளா?" அவர் சொல்வது விஸ்வநாததாஸை. வள்ளி திருமணத்தில் தினைப்புனம் காக்கிற கட்டத்தில் கொக்கு பறக்கிறது என்று பாடுவார், வெள்ளைக் கொக்கு யார் என்று கடைசி வரிசைக் குழந்தைக்குக்கூடத் தெரியும், மதுரை பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டு. போலீஸ் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும், பாடுவார், பிடித்துப்போவார்கள், வெளியே வந்து மறுபடி பாடுவார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேஷத்தில் மேடையிலேயே உயிர் போயிற்று. 1876இல் போட்ட நாடகச் சட்டம் வெள்ளைக்காரனுக்குக் கையில் இருந்தது, அதை வைத்தும் அந்தக் குரலை அடக்க முடியவில்லை.

உண்மைதான், ஆனால் தைரியத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும் என்று அவரிடம் வாதாடினேன். நம் நாடகத்துக்கு என்ன வேண்டும், ஒரு ஹார்மோனியம், ஒரு மிருதங்கம், நான்கு வேஷப்பெட்டி. எழுதாத பாட்டை நின்ற இடத்தில் செருகலாம், கேட்டால் நான் பறவையைத்தான் பாடினேன் எனலாம். இந்தப் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், அப்போது பாலக்காடு பிரிட்டிஷ் மலபார், சித்தூர் கொச்சி ராஜா சீமை, அந்தப் பக்கம் பொள்ளாச்சி கோயம்புத்தூர் ஜில்லா. ஒரு மாட்டுவண்டி இருந்தால் ஒரே ராத்திரியில் சர்க்கார் மாறிவிடும். ஆபெராவை மாட்டுவண்டியில் ஏற்ற முடியுமா? எண்பது வாத்தியக்காரருக்கு மாசச் சம்பளம், கோரஸ், தையல்காரர், தச்சர், தங்கமுலாம் பூசிய அரங்கம், எல்லாம் அரசாங்கத்தின் ரேஷன். படியளக்கிறவனுக்கு மாடம் போட்டு நல்ல இடம் ஒதுக்கித்தான் ஆகவேண்டும். அவன் எழுந்து போனால் எண்பது பேரின் அடுப்பும் அணையும். கவிஞன் கவிதையை மனப்பாடம் பண்ணி ஒளித்துவைக்கலாம், ஆபெராவை ஒளித்துவைக்க அலமாரிதான் உண்டு, அங்கே அது பேசாது.

பெரியவர் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை, டீ வரவழைத்தார். ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன்.

ராஜாக்கள் காலத்திலும் இந்தத் தொல்லை இருந்தது. இத்தாலியில் வெர்தி, ஸ்வீடன் ராஜாவை முகமூடி விருந்தில் சுட்டுக் கொன்ற கதையை எழுதப்போக, மேடையில் ராஜாவைக் கொல்லக்கூடாது என்று தணிக்கைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள், கடைசியில் 1859இல் ராஜாவை பாஸ்டன் கவர்னர் ஆக்கிக் கடல் தாண்டி அனுப்பித்தான் மேடையேற்ற முடிந்தது. ஆனால் அங்கே முன்கூட்டியே சொன்னார்கள், எது ஆகாது என்று பட்டியல் தந்தார்கள், சண்டை போட்டுப் பேரம் பேச இடம் இருந்தது. சோவியத்தில் பேரத்துக்கு ஆளே இல்லை. புரோகோபியெவ் என்ற இன்னொரு இசையமைப்பாளர் செம்யோன் கோத்கோ என்று ஒரு ஆபெரா எழுதினார். கட்சிக்குப் பிடிக்கவேண்டும் என்றே எழுதியது, 1918இல் உக்ரைனை ஜெர்மானியர் ஆக்கிரமித்த கதை. இயக்க இருந்தவர் மேயர்ஹோல்ட், ரஷ்ய நாடகத்தின் பெரிய தலை. 1939 ஜூனில் அவரைக் கைதுசெய்தார்கள், சில வாரத்தில் அவர் மனைவி வீட்டிலேயே குத்திக் கொல்லப்பட்டார், 1940 பிப்ரவரியில் அவரையும் சுட்டார்கள். நடுவில் ஆகஸ்டில் ஸ்டாலினும் ஹிட்லரும் ஒப்பந்தம் போட்டுவிட, மேடையில் ஜெர்மானியரை வில்லனாகக் காட்ட முடியாது, அவர்களை ஆஸ்திரியர்கள் ஆக்கினார்கள். வேறு இயக்குநரோடு 1940 ஜூனில் மேடையேறியது. அடுத்த ஜூனில் நிஜ ஜெர்மானியர்கள் எல்லை தாண்டி வந்துவிட்டார்கள்.

கேட்டபடி நடந்தவனாவது தப்பித்தானா என்றால் அதுவும் இல்லை. முராதெலி என்பவர் புரட்சியின் முப்பதாம் ஆண்டுக்காக, காகசஸ் மக்களின் நட்பைப் புகழ்ந்து, மகா நட்பு என்ற பெயரிலேயே ஒரு ஆபெரா எழுதினார். இதைவிடப் பணிவாக எழுத முடியாது. 1948 பிப்ரவரியில் கட்சி தீர்மானம் போட்டபோது அந்த ஆபெராவைச் சாக்காக வைத்துத்தான் ஷோஸ்டகோவிச், புரோகோபியெவ், கச்சதுரியான் எல்லோரையும் இழுத்துப்போட்டு அடித்தார்கள். பத்து வருடம் கழித்து, 1958இல், அந்தத் தீர்மானம் அநியாயம் என்று இன்னொரு தீர்மானம் போட்டார்கள், அதற்குள் புரோகோபியெவ் இல்லை. அவர் செத்தது ஸ்டாலின் செத்த அதே நாள், 1953 மார்ச் 5.

கடையில் இன்னொரு மெலோதியா பெட்டியும் இருக்கிறது, வாங்காமல் விட்டுவந்தேன், 1,100 சொல்கிறார். கிளிங்காவின் இவான் சுசானின். 1836இல் மேடையேறியபோது அதன் பெயர் ஜாருக்காக ஓர் உயிர். படையெடுத்து வந்த போலந்துக்காரர்களைக் காட்டுக்குள் வழிதவறவைத்து ஜாரைக் காப்பாற்றிச் சாகிற விவசாயி கதை. ஜாரே போனபிறகு ஜாருக்காக எப்படிச் சாவது? 1939இல் கொரதேத்ஸ்கி என்ற கவிஞரை வைத்து வார்த்தைகளை மாற்றினார்கள். அதே விவசாயி அதே மெட்டில் இப்போது நாட்டுக்காகச் சாகிறான், கடைசியில் ஜாரை வாழ்த்தும் பெரிய கோரஸ் தாய்நாட்டை வாழ்த்தியது. ஒரு மெட்டில் முருகனையும் பாடலாம், தலைவரையும் பாடலாம் என்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை. இசைக்காக அந்தப் பெட்டியைத் தாராளமாக வாங்கலாம், இரண்டு பக்கம் போட்டுக் கேட்டேன், கீறல் இல்லை.

சீனாவில் இதைவிட ஒரு படி மேலே போனார்கள், நேர்மையான பழைய அதிகாரி ஒருவரைப் பற்றி வூ ஹான் எழுதிய பீகிங் ஆபெராவை 1965இல் தாக்கி எழுதிய கட்டுரையிலிருந்தே கலாசாரப் புரட்சி பற்றிக்கொண்டது, அவர் 1969இல் சிறையில் செத்தார், பழைய நாடகங்கள் இறங்கி மாவோவின் மனைவி ஜியாங் சிங் ஏற்பாட்டில் எட்டே எட்டு மாதிரிப் படைப்புகள் நாடு முழுக்க. இந்தக் கடையில் சீன ரெக்கார்டு இல்லை, இருந்தால் வாங்கிக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

அந்த மாஷை நினைத்துக்கொள்கிறேன். பார்த்ததில்லை, பெரியவரும் பெயர் சொல்லவில்லை. அந்த வயதுக்காரர் என்றால் 1952இல் கே.பி.ஏ.சி. என்ற கேரள இடதுசாரி நாடகக் குழு 'நீங்கள் என்னைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள்' நாடகத்தோடு ஊர் ஊராகப் போனதும், திருவிதாங்கூர் கொச்சி அரசு அதைத் தடை செய்யப் பார்த்ததும் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. நாடகத்தைத் தடுக்காதே என்று கோஷம் போட்ட கூட்டத்தில் அவரும் நின்றிருக்கலாம். அதே கையால் இந்தப் பெட்டியைத் திறந்து, இது சோவியத் நாட்டின் பெருமை என்று பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டிருப்பார், புறாக்கூட்டுப் பாட்டு வரும்போது அங்கே முன்பு ஒரு குதிரை இருந்தது என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள். உறையில் அதற்கு ஒரு வரி போடவில்லை. பெட்டிக்கு மதிப்பெண் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டு விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணம், குடிகாரன், போலீஸ் எல்லாம் முடிந்து அடுத்த தட்டை எடுக்கலாம் என்று கையை விட்டால் உறைதான் இருக்கிறது. சைபீரியா நடை முழுக்க அதில்தான். செர்கேய் அவளுடைய கம்பளிக் காலுறையை ஏமாற்றி வாங்கிப் புதிதாகப் பிடித்த சோனியெத்காவுக்குக் கொடுப்பதும், கத்தெரீனா அவளையும் தள்ளித் தானும் ஆற்றில் விழுவதும், முதிய கைதி பாடிக்கொண்டே நடப்பதும். தணிக்கைக்காரனே விட்டுவைத்த இடம், எனக்குக் கிடைக்கவில்லை. அந்தக் காட்சியை நெட்டில்தான் கேட்டேன், போனின் சின்ன ஸ்பீக்கரில், அது கேட்டதில் சேராது. எல்லாவற்றையும் போட்டுக் காட்டுகிற மனிதர் அன்றைக்குப் பெட்டியை எண்ணிப் பார்க்காமல் கொடுத்துவிட்டார், நானும் எண்ணவில்லை. கடைக்கு நான்காகக் குறைந்தது அதனால்.

போன் போட்டேன். "அடடா, இருங்க தம்பி, அது வேற உறைக்குள்ள போயிருக்கும்" என்றார். நூறு ரூபாய் திருப்பித் தருவதாகச் சொன்னார், வேண்டாம், தட்டுதான் வேண்டும் என்றேன். இப்போது மண்டலக் காலம், தினமும் ஒரு பஜனைக்கு மைக்செட் போகிறது, மகரவிளக்கு முடிந்ததும் பரண் முழுக்க இறக்கித் தேடலாம் வாருங்கள் என்றிருக்கிறார். அதற்குள் யாராவது அங்கே போய் ஐயப்பன் பாட்டு ரெக்கார்டு வாங்கினால் கடையிலேயே போட்டுப் பாருங்கள், உள்ளே ஒரு ரஷ்யக் கிழவர் பாடினால் எனக்கு எடுத்துவைக்கச் சொல்லுங்கள். காலை பத்து மணிக்குமேல் போவது நல்லது, மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்றுவரை தூங்குவார், எழுப்பினால் விலை ஏறும்.